வெற்றிடமும் இயந்திர ஓசையும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பொத்தேரியில் நடைபெற்ற இளைஞர் அறிவரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விச் சங்கம் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. விழாவில் பாராட்டுரைகள் பல நிகழும். அவை நிகழவும் வேண்டும். ஆயினும், கல்விக்கென்று தோன்றிய சங்கத்தின் விழாவில் ஒரு பாடமேனும் நடக்கவேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர். அதன்படி, நம் மாலை வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம். தொழிற்பயிற்சி பெறும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வெற்றிடத்தில் ஒலி செல்லாது என்று பாடநூல் கூறுகிறது. அப்படியாயின், பேரிரைச்சல் எழுப்பும் இயந்திரத்தைச் சுற்றி இரட்டைச் சுவர் அமைத்து, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், தொழிற்கூடம் அமைதியாகிவிடாதா? ஏன் அவ்வாறு செய்வதில்லை?"

இக்கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று. பாடத்தில் படித்ததை வேலைத்தளத்தில் பொருத்திப் பார்க்கத் துணிந்த கேள்வி. ஆகவே இதற்கு முழுமையான விடை கூறுவது நம் கடமையாகும்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

பொத்தேரியைச் சுற்றி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலை, அதனையொட்டிச் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை. காட்டாங்கொளத்தூரைக் கடந்தால் மறைமலை நகர்த் தொழிற்பேட்டை. அங்கே 1999 முதல் 2022 வரை ஃபோர்டு கார்கள் உருவாயின. பரனூரில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி எழுந்தது. ஏரிப் பாசனக் கழனிகளிலும் கற்குவாரிகளிலும் உழைத்த நம் பெற்றோரின் பிள்ளைகள் இன்று பிரஸ் இயந்திரத்தின் முன்னும், ஏர் கம்ப்ரசரின் பக்கத்திலும், டீசல் ஜெனரேட்டரின் அறையிலும் நிற்கிறார்கள். அவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரைச்சல் மிகுந்த இடத்திற்கு முதலில் அனுப்பப்படுபவர் யார் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வரும், எல்லோரும் ஓடிவருவர். காதில் ஏற்படும் காயத்திற்கு இரத்தமும் இல்லை, வலியும் இல்லை. உட்செவியின் நத்தை எலும்பில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. பேரிரைச்சல் அவற்றை மெல்ல மெல்ல அழிக்கின்றது. அழிந்த செல் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பழுதுபடுவது நொடிக்கு ஏறத்தாழ 4,000 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் பகுதியாகும். எனவே இடியோசை கேட்கும்; பேருந்தின் உறுமல் கேட்கும்; ஆனால் பேச்சிலுள்ள 'ச', 'ஸ' போன்ற மெல்லிய சீறொலிகள் மங்கிப்போகும். "பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை" என்று அத்தொழிலாளி கூறுவார். வீட்டார் அவரைக் கவனமற்றவர் என்று கடிந்துகொள்வர். படித்து மேல்நிலைக்கு உயரவேண்டிய இளைஞனுக்குச் செவி என்பது கல்வியின் வாயில். அவ்வாயில் அடைபடாமல் காப்பதும் கல்விச் சங்கத்தின் பணியேயாகும்.

ஒலியின் இயல்பு

ஒலி என்பது அதிர்வு. பறையைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றினால் ஒலி கூர்மை பெறும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இழுவிசை மிகுந்தால் அதிர்வெண் மிகும் என்று இன்றைய பௌதிகம் கூறுவதும் அதுவே. அந்த அறிவு அவர்கள் கையில் இருந்தது. ஏட்டில் ஏற்றுவதற்கான எழுத்து மட்டுமே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

அதிரும் பொருள் தன்னை அடுத்துள்ள காற்றைத் தள்ளுகிறது. அக்காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது. இவ்வாறு அலை செவியை எட்டுகிறது. அறை வெப்பநிலையில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். நீரில் சுமார் 1,480 மீட்டர். எஃகில் ஏறத்தாழ 5,000 மீட்டர். இந்த மூன்றாவது எண்ணை நினைவிற் கொள்ளுங்கள். நம் கேள்வியின் விடையில் பெரும்பகுதி அதில் அடங்கியிருக்கிறது.

காற்றில்லாத இடத்தில் ஒலி செல்லாது என்பதைச் சோதித்தறிந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர்கள். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஃபான் குவரிக் காற்றை உறிஞ்சும் பம்பை உருவாக்கினார். ராபர்ட் பாயில் 1660-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். கண்ணாடிக் கலத்தினுள் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டுக் காற்றை வெளியேற்றினார்; 'டிக் டிக்' ஓசை படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது. அந்தக் கடிகாரத்தை அவர் கலத்தின் அடியில் வைக்கவில்லை, நூலில் தொங்கவிட்டார். அந்த நூலில்தான் நுட்பம் இருக்கிறது. கடிகாரம் கலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், காற்று இல்லாவிடினும் கலத்தின் உடல் வழியாகவே அதிர்வு வெளியேறியிருக்கும்.

ஆகவே மாணவரின் கொள்கை சரியானதே. வெற்றிடம் ஒலியைத் தடுக்கும். இனி, அதை இயந்திரத்தைச் சுற்றி அமைப்பதில் எழும் தடைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் தடை: காற்றின் எடை

நம்மைச் சூழ்ந்த காற்று ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறத்தாழ 10 டன் எடைக்கு நிகராக அழுத்துகிறது. இருபுறமும் சமமாக அழுத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. ஒருபுறக் காற்றை நீக்கிவிட்டால் மறுபுறத்தின் முழு வலிமையும் வெளிப்படும். 1657-இல் மாக்டபர்க்கில் குவரிக் சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள இரு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்துவைத்து உள்ளிருந்த காற்றை எடுத்தார். 16 குதிரைகள் பூட்டி இழுத்துக் காட்டிய அந்தக் கோளங்களை இறுக்கிப் பிடித்திருந்தது சுமார் 2 டன் அளவான காற்றழுத்தமே.

இப்போது நம் ஜெனரேட்டருக்கு வருவோம். 2 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு பக்கச் சுவரின் பரப்பு 3 சதுர மீட்டர். இடைவெளியை வெற்றிடமாக்கினால், வெளித்தகட்டை உள்நோக்கி 30 டன்னும், உள்தகட்டை வெளிநோக்கி 30 டன்னும் நெரிக்கும். சுமையேற்றிய பெரிய லாரி ஒன்றைச் சுவரின்மேல் சாய்த்து நிறுத்தியதற்கு இது ஒப்பாகும். சாதாரணத் தகடு வளைந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று, தகடு மிகத் தடிப்பாக இருக்கவேண்டும். அல்லது உருளை போலவோ குவிமாடம் போலவோ வளைந்திருக்கவேண்டும். அல்லது இரு தகடுகளுக்கும் இடையே ஆங்காங்கே தூண்கள் நிறுத்தவேண்டும்.

இரண்டாம் தடை: தூண்களும் கால்களும்

தூண் நிறுத்தினால் சுவர் நிற்கும். ஆனால் எஃகுத் தூண் வழியே ஒலி விரைந்தோடும். காற்றுவழியை அடைத்துவிட்டு உலோக வழியைத் திறந்துவைத்த கதையாக அது முடியும். தூண்களைத் தவிர்த்தாலும், இயந்திரம் தரையில் நின்றுதானே ஆகவேண்டும்? பாயிலின் கடிகாரத்தைப் போல அதை நூலில் தொங்கவிட இயலாது. பவுண்டேஷன் போல்ட் வழியாகத் தரையும், தரை வழியாகச் சுவரும், சுவர் வழியாகக் கூரையும் அதிரும். அதிரும் கூரை மீண்டும் காற்றில் ஒலி எழுப்பும்.

இதற்கு வானிலேயே ஒரு சான்று உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. நம் ஊரைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை சென்றடையும் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் அவர்களே அதன் திட்ட இயக்குநர். நிலவில் செவிக்கு எட்டும் ஒலியைச் சுமக்கும் காற்று இல்லை. ஆயினும் அங்கே வைக்கப்பட்ட 'இல்சா' என்னும் நடுக்கம் பதியும் கருவி, பிரக்யான் ஊர்தி நகர்ந்தபோது எழுந்த அதிர்வுகளைத் தரை வழியாகவே பதிவு செய்தது. சுற்றிலும் வெற்றிடம் இருந்தும், நிலத்தைத் தொட்டு நிற்கும் பொருளின் அசைவு மறைந்துபோகவில்லை.

மூன்றாம் தடை: வாயில்களும் வெப்பமும்

இயந்திரம் மூடிவைக்கப்பட்ட கடிகாரமன்று. எஞ்சின் மூச்சு வாங்கவேண்டும், புகை விடவேண்டும், தண்டு சுழலவேண்டும், கம்பிகளும் குழாய்களும் உள்ளே சென்று வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் தேவை. இங்கே ஒரு கணக்கு மிகவும் பயனுள்ளது. மூடியிருக்கும் சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதிச் சுவர் எத்துணை உயர்ந்ததாயினும், ஒலித் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 30 டெசிபலே எல்லை. பொன்னால் கதவு செய்து பூட்டாமல் விட்டதற்கு ஒப்பாகும் இது.

வெப்பமோ இன்னும் பெரிய இடையூறு. டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ, சற்று அதிகமாகவோ வேலையாக மாற்றுகிறது, மீதி வெப்பமாகிறது. வெற்றிடச் சுவர் என்பது 1892-இல் ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்த குடுவையின் தத்துவமேயாகும்; நாம் சுடுநீர் வைக்கும் பிளாஸ்க் அதன் வழித்தோன்றல். அதனுள் வைத்த வெப்பம் வெளியேறாது. எஞ்சினைப் பிளாஸ்கினுள் வைத்து ஓட்டினால் அது தன் சூட்டிலேயே கெட்டுப்போகும். குளிர்விக்கக் காற்றை ஊதவேண்டுமென்றால் மீண்டும் வாயில் திறக்கவேண்டும். முன் சொன்ன கணக்கு மீண்டும் வந்து நிற்கும். அன்றியும், நுண்துளை வழியே காற்று உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதை இடைவிடாது உறிஞ்ச ஒரு பம்பு வேண்டும். அந்தப் பம்பும் ஓர் இரைச்சல் இயந்திரமே!

வெற்றிடம் பயன்படும் இடங்கள்

இவ்வளவும் கேட்டு, வெற்றிடம் பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. இரட்டைச் சுவரின் இடையிலுள்ள காற்று ஒரு வில்சுருளைப் போல் ஒரு தகட்டின் அசைவை மறு தகட்டுக்குக் கடத்துகிறது. காற்றின் அழுத்தத்தை நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் அச்சுருளின் விறைப்பும் நூறில் ஒரு பங்காகும். இரு தகடுகளும் சேர்ந்து அதிரும் அதிர்வெண் பத்தில் ஒரு பங்காகத் தாழும். முழு வெற்றிடம் இல்லாவிடினும் நன்மை உண்டு என்பதே இதன் பொருள்.

இத்தத்துவம் சன்னல் கண்ணாடிகளில் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலின்ஸ் குழுவினர் 1989-இல் வெற்றிடக் கண்ணாடியை உருவாக்கினர். பின்னர் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. இரு கண்ணாடிகளுக்கு இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் வெற்றிடம். கண்ணாடிகள் நெரிந்து ஒட்டாமலிருக்க, கண்ணுக்கு எளிதில் தென்படாத நுண்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அது முதன்மையாக வெப்பத்தைத் தடுக்கவே செய்யப்பட்டது. ஓசையையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அங்கும் அந்த நுண்தூண்கள் வழியே ஒலி சிறிது கடந்துதான் செல்கிறது. பெரிய மருத்துவமனைகளின் வெளியே நிற்கும் உயர்ந்த திரவ ஆக்சிஜன் தொட்டிகளைப் பாருங்கள். அவையும் இரட்டைச் சுவரும் இடையில் வெற்றிடமும் கொண்டவை. அவை உருளை வடிவில் இருப்பதன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. அகன்ற வாயுள்ள எவர்சில்வர் பிளாஸ்கினுள் அலாரம் ஒலிக்கும் கைப்பேசியை ஒரு துணியில் சுற்றி வைத்து மூடுங்கள். ஓசை குறையும், ஆனால் மறையாது. பிளாஸ்கின் உடலில் காதை வைத்துக் கேட்டபின், மூடியருகே காதை வையுங்கள். ஓசை எவ்வழி வருகிறது என்பதை நீங்களே கண்டறிவீர்கள். இரு சுவர்களும் ஒன்றுசேரும் கழுத்தும், வெற்றிடமில்லாத மூடியுமே அவ்வழிகள். நாம் இதுகாறும் கூறிய அனைத்தும் அச்சிறு பாத்திரத்தில் அடங்கியுள்ளன.

செய்யத்தக்கவை யாவை?

வெற்றிடம் செய்யவேண்டிய வேலையை மலிவான முறைகளே பெரும்பாலும் செய்துவிடுகின்றன. முதலாவது, ஓசையைப் பிறக்குமிடத்திலேயே குறைத்தல்: தேய்ந்த பேரிங்கை மாற்றுதல், சுழலும் பாகத்தைச் சமன்செய்தல், தளர்ந்த தகட்டை இறுக்குதல், உரிய நேரத்தில் எண்ணெய் இடுதல். இரண்டாவது, இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் அல்லது வில்சுருள் தாங்கிகள் வைத்தல். பாயிலின் நூலுக்கு நிகரானவை இவையே. மூன்றாவது, கனமான உறையும் அதனுள் கண்ணாடிக் கம்பளம் அல்லது கற்கம்பளமும் அமைத்தல். கனமான சுவர் எளிதில் அதிராது. சுவரின் எடையை இரட்டித்தால் தடுப்பு ஐந்தாறு டெசிபல் உயரும். கம்பளம் உள்ளே ஒலி திரும்பத் திரும்ப எதிரொலிப்பதை விழுங்கும். நான்காவது, காற்று செல்லும் வழிகளை நேராக விடாமல் வளைத்து, உட்புறம் கம்பளம் ஒட்டுதல். புகைக்குழாய்க்குத் தக்க சைலன்சர் பொருத்துதல். இவ்வாறு செய்தால் காற்று செல்லும்; ஒலி தங்கும்.

இவை ஏட்டுச் சுரைக்காயல்ல. 1,000 கே.வி.ஏ. வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டர்கள் உறையுடனேயே தயாரிக்கப்படவேண்டும் என்றும், உறையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஓசை 75 டெசிபலைத் தாண்டலாகாது என்றும் மத்திய அரசு 2002-இல் விதி செய்தது. அந்த அளவை எட்டியது வெற்றிடத்தால் அன்று; கனமும் கம்பளமும் ரப்பரும் வளைந்த வழியுமே அதைச் சாதித்தன.

எண்களை அறிந்தவர்க்கே உரிமை

டெசிபல் கணக்கு நம் சாதாரணக் கூட்டலன்று. 90 டெசிபல் எழுப்பும் இயந்திரம் இரண்டு சேர்ந்தால் 180 ஆவதில்லை, 93 ஆகும். பத்து சேர்ந்தால் 100 ஆகும். ஆகவே, "மூன்று டெசிபல்தானே கூடியிருக்கிறது" என்று எவரேனும் கூறினால், ஒலியாற்றல் இரட்டித்துவிட்டது என்று நீங்கள் உணரவேண்டும்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வகுக்கப்பட்ட மாதிரி விதிகளில் 90 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே எல்லை. 95 ஆனால் 4 மணி. 100 ஆனால் 2 மணி. 105 ஆனால் ஒரு மணி. 115 ஆனால் கால்மணி மட்டுமே. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமோ 8 மணிக்கு 85 டெசிபலையே பரிந்துரைக்கிறது. ஓசையின் அளவைப் போலவே நேரத்தின் அளவும் செவியைத் தாக்குகிறது என்பது இதிலிருந்து புலனாகும். இங்கே அண்ணல் அம்பேத்கர் அவர்களை நினைக்காமலிருக்க இயலாது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அவர் காலத்தில்தான், 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. குறைந்த ஒவ்வொரு மணியும் தொழிலாளியின் செவிக்குக் கிடைத்த ஓய்வுமாகும்.

இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்படவேண்டிய நோயாக இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலிலும் அது உண்டு. ஆனால் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. வேலையில் சேரும்போதே செவிச் சோதனை செய்துகொண்டு அதன் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டுதோறும் மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். முதற்சீட்டு இல்லாதவரிடம், "இக்குறை உமக்கு முன்பே இருந்தது" என்று கூறுவது எளிது. பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வது போதிய காப்பாகாது. முறையான செவியடைப்பான் அல்லது செவிக்கவசம் கேளுங்கள். அருகிலிருப்பவரிடம் உரத்துக் கத்தினால்தான் கேட்கிறது என்றால், அவ்விடத்தில் ஓசை எல்லை மீறியிருக்கக்கூடும் என்று கொண்டு அளந்துகாட்டக் கோருங்கள். தனியொருவர் கேட்கத் தயங்கினால் நால்வர் சேர்ந்து கேளுங்கள். உள்ளே பயனில்லையெனில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திற்கு எழுதுங்கள். எழுதத் தெரியாத தொழிலாளர்க்கு எழுதிக்கொடுப்பதும் இச்சங்கத்து இளைஞர்களின் தொண்டாக அமையட்டும்.

இளைஞர்களே! வெற்றிடம் ஒலியைத் தடுக்கும் என்று அறிவது பாடம். அது எங்கே தடுக்கும், எங்கே தடுக்காது, ஏன் தடுக்காது என்று அறிவது பொறியியல். அந்த அறிவைக்கொண்டு உடன் உழைப்பவரின் செவியைக் காப்பது சமுதாயக் கடமை. இம்மூன்றையும் ஒருசேரப் பெற்றவர்களாக நீங்கள் உயரவேண்டும். பிறர் செய்த இயந்திரத்தின் முன் நிற்பவர்களாக மட்டுமின்றி, ஓசை குறைந்த இயந்திரத்தைத் தாமே வடிவமைப்பவர்களாகவும், தொழிற்சாலையைச் சோதிக்கும் அதிகாரிகளாகவும் நம் பிள்ளைகள் வரவேண்டும். இச்சங்கம் பொன்விழா காணும் நாளில், இம்மேடையில் நின்று இதனினும் ஆழமான பாடத்தை உங்களுள் ஒருவர் நடத்தவேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.